குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம்: 'பயாலஜிக்' ஊசி எப்படி வேலை செய்கிறது? ஆபத்து என்ன?

டோசிலிசுமாப். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, "ரெம்டெசிவிர் கிடைக்குமா, டோசிலிசுமாப் கிடைக்குமா" என்று வாட்ஸ்அப் குழுக்களில் செய்திகள் பறந்தன. கடைகளில் இல்லை, கள்ளச்சந்தையில் மட்டும் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 12-ம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், இந்த மருந்துக்கு வரியே வேண்டாம் என்று தற்காலிக விலக்கு கொடுத்தது.

ஆனால் அது கொரோனாவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து இல்லை. மூட்டுவாத மருந்து. மூட்டுவாதத்தால் வாரக்கணக்கில் காய்ச்சலோடு படுத்திருக்கும் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்று 2011-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து.

டோசிலிசுமாப், அடலிமுமாப், எட்டனர்செப்ட். வாயில் நுழையாத இந்தப் பெயர்கள் எல்லாம் 'பயாலஜிக்' என்ற ஒரே குடும்பம். நடக்க முடியாமல் இருந்த குழந்தையைத் திரும்ப ஓடவைத்த மருந்துகள் என்று பெயர் வாங்கியவை. அதே நேரத்தில், பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் தாளைப் படித்தால் காசநோய், புற்றுநோய் என்று எச்சரிக்கை இருக்கும். பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். எதை எவ்வளவு நம்புவது, எதற்கு எவ்வளவு பயப்படுவது? விரிவாகப் பார்க்கலாம்.

குழந்தைக்கு மூட்டுவாதமா?

"அது வயசானவங்களுக்கு வர்றதாச்சே?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். குழந்தைகளுக்கும் வரும். 16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் சிக்காத மூட்டு அழற்சிக்கு 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்', சுருக்கமாக ஜே.ஐ.ஏ. என்று பெயர். இடியோபதிக் என்றாலே 'காரணம் தெரியாத' என்றுதான் அர்த்தம். தோராயமாக ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்காவது இருக்கலாம்.

இது பிடிபடத் தாமதமாவதற்கு ஒரு காரணம் உண்டு. காலையில் எழுந்ததும் முட்டி மடங்காது, பிள்ளை நொண்டி நொண்டி நடக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் ஓடி விளையாட ஆரம்பித்துவிடும். "ஸ்கூலுக்கு மட்டம் போடத்தான் நடிக்கிறான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் காலையில் இறுக்கமும் போகப்போக இளகுவதும் இந்த நோயின் முக்கிய அடையாளம். வளரும் வயதில் வரும் சாதாரணக் கால்வலி இதற்கு நேர்மாறு. அது ராத்திரியில் வரும், காலையில் இருக்காது, மூட்டு வீங்காது.

இன்னொரு குழப்பம் ரத்தப் பரிசோதனையில். 'ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், அதனால் மூட்டுவாதம் இல்லை' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஜே.ஐ.ஏ. உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை நெகட்டிவ்தான் வரும். வீங்கிய மூட்டைக் கையால் தொட்டு, மடக்கிப் பார்த்து முடிவு செய்யும் நோய் இது.

எல்லாமே ஒரே நோயும் இல்லை. நான்கு அல்லது அதற்கும் குறைவான மூட்டுகளில் வருவது ஒரு வகை. ஐந்து அல்லது அதற்கும் மேல் என்றால் இன்னொரு வகை. ஆறு வயதைத் தாண்டிய பையன்களுக்குக் குதிகால், முட்டி, இடுப்பு என்று வருவது மற்றொன்று; இந்தியாவில் இது கணிசமாக இருக்கிறது. இவற்றில் மோசமானது 'சிஸ்டமிக்' வகை. தினமும் ஏறி இறங்கும் காய்ச்சல், காய்ச்சலோடு வந்து மறையும் சிவப்புத் தடிப்பு, கழலைக் கட்டி, அப்புறம்தான் மூட்டு. 1897-ல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் இதை விவரித்து எழுதியதால் 'ஸ்டில் நோய்' என்ற பெயரும் உண்டு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கிருமி நுழைந்தால் நம் எதிர்ப்பு சக்தி செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்ளும். அந்தத் தகவலைச் சுமக்கும் புரதங்களுக்கு சைட்டோகைன் என்று பெயர். ('சைட்டோகைன் புயல்' என்று கொரோனா காலத்தில் டிவியில் கேட்டோமே, அதேதான்.) கிருமி ஒழிந்ததும் தகவல் நிற்க வேண்டும். ஜே.ஐ.ஏ.வில் கிருமியே இல்லாமல் தகவல் போய்க்கொண்டே இருக்கிறது. மூட்டின் உள்சவ்வு வீங்குகிறது, நீர் கோக்கிறது, விட்டுவிட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. வளர்கிற பிள்ளை என்பதால், வீங்கிய பக்கத்துக் கால் மட்டும் கொஞ்சம் நீளமாக வளர்ந்துவிடுவதும் நடக்கும்.

இந்த சைட்டோகைன்களில் மூன்று முக்கியம்: டி.என்.எஃப்., ஐ.எல்-6, ஐ.எல்-1. பயாலஜிக் ஊசி செய்வது இவற்றில் ஒன்றை மட்டும் குறிவைத்து மடக்குவது. அடலிமுமாப் ஓர் ஆன்டிபாடி, டி.என்.எஃப்.பைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். எட்டனர்செப்ட் ஒரு பொய்ப் பூட்டு. டி.என்.எஃப். என்ற சாவி செல்லின் மேல் இருக்கும் உண்மையான பூட்டுக்குப் போகாமல், வழியிலேயே இதில் மாட்டிக்கொள்ளும். டோசிலிசுமாப் வேறு மாதிரி. ஐ.எல்-6 வந்து உட்காரும் இடத்தையே அடைத்துவிடும். அதனால்தான் காய்ச்சல் தூக்கலாக இருக்கும் சிஸ்டமிக் வகைக்கு அது பொருந்துகிறது.

சாதாரண மாத்திரைகளைப் போல ரசாயனக் கலவையில் இவற்றைத் தயாரிக்க முடியாது. உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்க வேண்டும். மேலே சொன்ன மூன்றும் ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் செல்களில் உற்பத்தியாகின்றன. பயாலஜிக் என்ற பெயரும், விலை எக்கச்சக்கமாக இருப்பதும் இதனால்தான். புரதம் என்பதால் வாய்வழியாகக் கொடுத்தால் வயிறு செரித்துவிடும். அதனால் ஊசியாகத்தான் போட வேண்டும்.

டி.என்.எஃப்.பை அடக்கினால் மூட்டுவாதம் அடங்கும் என்று மனிதர்களில் முதலில் காட்டியவர்கள் லண்டனைச் சேர்ந்த மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும். 1992-ல் வெறும் 20 நோயாளிகளோடு தொடங்கிய சோதனை அது. மைனி பிறந்தது நம்ம லூதியானாவில்.

எடுத்த எடுப்பில் இந்த ஊசியா?

இல்லீங்க. முதலில் வீக்கத்தைக் குறைக்கும் நாப்ராக்சன், இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள். ஒன்றிரண்டு மூட்டு மட்டும் என்றால் அந்த மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி. அதற்கு மேல் மெத்தோட்ரெக்சேட். இதை வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொடுக்க வேண்டும்; தெரியாமல் தினமும் கொடுத்து ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தானது உண்டு. வீட்டு காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வைப்பது நல்லது. இதெல்லாம் போதாதபோது, அல்லது கண், இடுப்பு மாதிரி காத்திருக்க முடியாத இடங்களில் நோய் இருக்கும்போது, பயாலஜிக் வருகிறது. சிஸ்டமிக் வகையில் மட்டும் இப்போது இதைச் சீக்கிரமே தொடங்குகிறார்கள்.

"எதுக்கு இவ்வளவு காஸ்ட்லி ஊசி, ஸ்டீராய்டு மாத்திரையே நல்லா கேக்குதே" என்று தோன்றும். கேட்கும்தான். ஆனால் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தை உயரமாகாது, முகம் ஊதும், எலும்பு பலவீனமாகும், கண்ணில் புரை விழலாம். பயாலஜிக் வருவதற்கு முன்பு இந்த நோயோடு வளர்ந்த பல பேர் குள்ளமாகவும் மூட்டு மடங்காமலும் இருப்பதற்கு, நோய் பாதி காரணம் என்றால் அந்த மாத்திரை மீதி.

உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. எட்டனர்செப்டை வைத்து 69 பிள்ளைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2000-ம் ஆண்டு வெளியானது. மெத்தோட்ரெக்சேட்டுக்கு அடங்காதவர்கள், நிறைய மூட்டுகளில் நோய் உள்ளவர்கள். மூன்று மாதத்தில் அவர்களில் 51 பேருக்குத் தெளிவான முன்னேற்றம். டோசிலிசுமாப் ஆய்வில் சிஸ்டமிக் நோயுள்ள 112 குழந்தைகள். 12 வாரத்தில் காய்ச்சலும் விட்டு மூட்டும் குறைந்தவர்கள், ஊசி போட்டவர்களில் 85 சதவீதம், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 24 சதவீதம். மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அடிக்கடி கிடைப்பதில்லை.

வலியே இல்லாமல் போகும் பார்வை

மூட்டு நோய்க்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? இதைத்தான் பல பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. ஜே.ஐ.ஏ. உள்ள குழந்தைகளில், முக்கியமாகச் சின்ன வயதுப் பெண் பிள்ளைகளில், கண்ணின் உள்பகுதியிலும் அழற்சி வரலாம். யுவியைட்டிஸ் என்று பெயர். கண் சிவக்காது, வலிக்காது, குழந்தை எதுவும் சொல்லாது. ஒரு கண்ணில் பார்வை குறைந்துபோனதே பள்ளிக்கூட கண் பரிசோதனையில்தான் தெரியவரும். அதனால் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் மருத்துவர் 'ஸ்லிட் லேம்ப்' கருவியில் பார்க்க வேண்டும். எழுத்துப் பலகையைப் படிக்கவைப்பது மட்டும் போதாது.

இங்கே எந்த பயாலஜிக் என்பது முக்கியமாகிறது. எட்டனர்செப்ட் மூட்டுக்கு நல்லா வேலை செய்யும், கண்ணுக்குச் செய்யாது. அடலிமுமாப் இரண்டுக்கும் உதவும். பிரிட்டனில் 90 குழந்தைகளிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், மெத்தோட்ரெக்சேட்டோடு அடலிமுமாப் சேர்த்தவர்களில் சிகிச்சை தோற்றது 27 சதவீதம் பேருக்கு. சேர்க்காதவர்களில் 60 சதவீதம் பேருக்கு. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 'கண்ணைப் பார்த்தாச்சா' என்று கேட்காமல் ஊசியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

சரி, ஆபத்து? முதலில் டிபி

டி.என்.எஃப். வெறும் வில்லன் இல்லை. காசநோய்க் கிருமி நம் உடம்புக்குள் வந்தால், பல நேரங்களில் எதிர்ப்பு சக்தியால் அதை முழுசாக அழிக்க முடியாது. அதற்குப் பதிலாகச் செல்களை அடுக்கிச் சுற்றிலும் சுவர் கட்டி உள்ளேயே அடைத்து வைத்துவிடும். வருஷக்கணக்கில் கிருமி அங்கேயே தூங்கும். அந்தச் சுவர் இடியாமல் பார்த்துக்கொள்வது யார்? அதே டி.என்.எஃப். அதை மருந்து போட்டு மடக்கினால் சுவர் தளர்கிறது, கிருமி வெளியே வருகிறது. வீக்கத்தை இறக்கிய அதே வேலையின் மறுபக்கம் இது. தனியாக ஒரு 'சைடு எஃபெக்ட்' என்று பிரிக்க முடியாது.

2001-லேயே இது தெரிந்துவிட்டது. இன்ஃப்லிக்சிமாப் என்ற டி.என்.எஃப். தடுப்பு மருந்து போட்டு டிபி வந்த 70 பேரின் விவரம் அப்போது வெளியானது. அவர்களில் 48 பேருக்கு மூன்று டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. அதைவிட முக்கியம், 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே வந்திருந்தது. அதாவது இருமலே இல்லாமல், கழுத்துக் கட்டியாக, வயிற்று வலியாக, விடாத காய்ச்சலாக வரலாம். 'சளி இல்லையே, டிபி எப்படி இருக்கும்' என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே உதவாது. எட்டனர்செப்டில் இந்த ஆபத்து மற்ற டி.என்.எஃப். மருந்துகளைவிடக் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை.

அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளைப் படித்துவிட்டு 'அரிதான பக்கவிளைவு' என்று நாம் கடந்துபோக முடியாததும் இதனால்தான். உலகத்தில் புதிதாக டிபி வருபவர்களில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர். தாத்தாவுக்கு இருமல், பக்கத்து வீட்டுக்காரருக்கு மருந்து ஓடுகிறது, பள்ளி வேன் டிரைவர் மெலிந்துகொண்டே போகிறார் என்பதெல்லாம் நம் ஊரில் சாதாரணம். இந்த ஊசியைப் பொறுத்தவரை நம் நாட்டுக் குழந்தைக்கு இருக்கும் முதல் ஆபத்து இதுதான் என்றே சொல்லலாம். கூகுளில் தேடினால் முதலில் கண்ணில் படும் புற்றுநோய் அதற்குப் பின்னால்தான் வரும்.

நல்ல செய்தி, இதைப் பெருமளவு முன்கூட்டியே பிடிக்க முடியும். முதல் ஊசிக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே, கையில் போடும் மாண்டூ டெஸ்ட், அல்லது ரத்தத்தில் எடுக்கும் இக்ரா டெஸ்ட். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியால் மாண்டூ குழப்பலாம். இக்ராவை அது குழப்பாது. இரண்டுமே, குழந்தை ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். ஆகவே பரிசோதனையைவிடப் பெரிய பரிசோதனை ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது டிபி இருக்கிறதா, இருந்ததா என்ற கேள்விக்கு உண்மையான பதில். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது, நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று சித்தப்பாவின் டிபியை டாக்டரிடமே மறைக்கும் வீடுகள் இருக்கின்றன. இந்த இடத்தில் மறைத்தால், விலை கொடுப்பது குழந்தை.

தூங்கும் டிபி இருப்பது தெரிந்தால் ஊசியே கிடையாது என்று அர்த்தமில்லை. அதற்கான தடுப்பு மாத்திரைகளை முதலில் தொடங்கி, பொதுவாக ஒரு மாதமாவது ஆன பிறகு பயாலஜிக் ஆரம்பிப்பார்கள். மாத்திரைகளை முழு காலத்துக்கும் முடிக்க வேண்டும். ஒருமுறை நெகட்டிவ் வந்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பதும் இல்லை. ஊசி ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், எடை குறைதல், கழுத்தில் கட்டி என்றால் திரும்பவும் டிபிக்குப் பார்க்க வேண்டும்.

காய்ச்சல் வராமலே கிருமி தாக்கினால்?

டோசிலிசுமாப் போடும் குழந்தைகளிடம் ஒரு தனிச் சிக்கல். உடம்பில் கிருமி புகுந்தால் காய்ச்சல் வரும், ரத்தத்தில் சி.ஆர்.பி. ஏறும். இரண்டையும் தூண்டுவது ஐ.எல்-6. அதன் வழியையே அடைத்த பிறகு காய்ச்சல் லேசாக இருக்கலாம், சி.ஆர்.பி. நார்மலாகவே இருக்கலாம், உள்ளே நிமோனியா முற்றிக்கொண்டிருக்கலாம். தெரு முனை கிளினிக்கில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடுவார்கள். அது அந்த டாக்டரின் தப்பு என்றும் சொல்ல முடியாது, குழந்தைக்கு என்ன ஊசி ஓடுகிறது என்று அவருக்குச் சொன்னால்தானே தெரியும்? மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிப் பிள்ளையின் பையிலும் அம்மாவின் பர்ஸிலும் வைத்துவிடுங்கள்.

குழந்தை சோர்ந்து கிடந்தால், வேகமாக மூச்சு வாங்கினால், சாப்பிட மறுத்தால் தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் கிளம்புங்கள். நோய்த்தொற்று இருக்கும்போது அடுத்த ஊசியைத் தள்ளிப்போடுவது வழக்கம். எத்தனை நாள் என்பதை மூட்டுவாத மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிஸ்டமிக் வகையில் இன்னொன்றும் உண்டு. விடாத காய்ச்சலோடு, ரத்தத்தில் பிளேட்லெட் சரிந்து, ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் ஏறினால் அது எதிர்ப்பு சக்தியே கட்டுமீறிப் போகும் நிலை. கொரோனாவில் பார்த்த அந்தப் 'புயல்' மாதிரி. டெங்கு சீசனில் பிளேட்லெட் குறைந்தால் எல்லோரும் டெங்கு என்றுதான் நினைப்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டையும் பார்க்க வேண்டும்.

போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தால்?

இது நம் நாட்டுக்கே உரிய கேள்வி. பயாலஜிக் ஊசி ஓடும்போது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி உள்ள தடுப்பு மருந்துகளைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். பிசிஜி, தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் அந்த வகை. வாயில் விடும் போலியோ சொட்டும் அந்த வகைதான். முகாம் நாளில் பேருந்து நிலையத்தில், ரயில் நிலையத்தில், வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். நல்ல எண்ணத்தில் பாட்டி தூக்கிக்கொண்டு போய் இரண்டு சொட்டு விட்டுவிடுவார். வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தம்பி, தங்கைக்குச் சொட்டு மருந்து கொடுத்தால் அவர்கள் மலத்தின் வழியே அந்தக் கிருமி சில வாரங்கள் வெளியேறும் என்பதால் அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஊசியாகப் போடும் போலியோ மருந்து பிரச்சினை இல்லை. நிமோனியா, ஹெபடைட்டிஸ் பி, ஃப்ளூ ஊசிகளும் போடலாம், போடவும் வேண்டும்.

விடுபட்ட உயிருள்ள தடுப்பூசிகளை பயாலஜிக் தொடங்கும் முன்பே போட்டு முடிக்க முடிந்தால் சிறப்பு. நோய் கடுமையாக இருந்தால் காத்திருக்க நேரம் இருக்காது. அது மருத்துவர் எடை போட வேண்டிய விஷயம்.

பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்றால்? வேப்பிலை கட்டிவிட்டு வீட்டிலேயே இருப்பது நம் வழக்கம். இந்த ஊசி ஓடும், அம்மைத் தடுப்பூசி போடாத குழந்தை, அம்மை வந்தவரின் பக்கத்தில் இருந்திருந்தால் கொப்புளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

புற்றுநோய் வருமா?

டி.என்.எஃப். என்ற பெயரின் அர்த்தமே 'கட்டியை அழுகவைக்கும் காரணி'. 1975-ல் புற்றுக்கட்டி ஆராய்ச்சியில் பிறந்த பெயர். அப்படிப்பட்டதை வருஷக்கணக்கில் அடக்கினால் புற்றுநோய் வருமோ என்ற சந்தேகம் நியாயமானது. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., இந்த மருந்துகளைப் போட்டுக்கொண்ட குழந்தைகள், வளரிளம் பருவத்தினரில் 48 பேருக்குப் புற்றுநோய் வந்ததைப் பட்டியலிட்டு, பெட்டியிலேயே கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. பாதிப் பேருக்கு லிம்ஃபோமா.

அந்த 48 பேரில் குடல் அழற்சி நோயாளிகளும் இருந்தார்கள். பெரும்பாலானோர் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் வேறு மருந்துகளும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். அதன் பிறகு வந்த பெரிய ஆய்வுகள், பயாலஜிக் போடாத ஜே.ஐ.ஏ. குழந்தைகளுக்கே புற்றுநோய் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிடக் கொஞ்சம் அதிகம் என்று காட்டின. டி.என்.எஃப். மருந்து அதை மேலும் கூட்டுவதாகத் தெளிவாகத் தெரியவில்லை. எச்சரிக்கை இன்னமும் பெட்டியில் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அதைப் படித்துவிட்டு, பார்வை போய்க்கொண்டிருக்கும் குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று சொல்வது தவறான கணக்கு.

சின்னச் சின்னத் தொந்தரவுகளும் உண்டு: ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், லிவர் என்சைம் ஏறுவது, வெள்ளை அணுக்கள் குறைவது, அபூர்வமாக சொரியாசிஸ் மாதிரியான தோல் தடிப்பு. அதற்காகத்தான் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

விலை: இந்தியா முந்திக்கொண்ட கதை

அடலிமுமாபின் அசல் பிராண்டான ஹுமிராவின் 2022-ம் ஆண்டு விற்பனை மட்டும் 21 பில்லியன் டாலருக்கு மேல். அமெரிக்காவில் அதற்குப் போட்டி மருந்து கடைக்கு வந்ததே 2023 ஜனவரியில்தான். ஆனால் இந்தியாவில் சைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரிலேயே அதன் 'பயோசிமிலர்' வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டது. உலகிலேயே முதல் அடலிமுமாப் பயோசிமிலர் அது. அப்போது அறிவிக்கப்பட்ட விலை அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு இன்னும் பல நிறுவனங்கள் வந்தன.

பயோசிமிலர் என்றால் டூப்ளிகேட்டா? இல்லை. அசல் மருந்துக்கு ஏறக்குறைய ஒத்தது என்று ஒப்பிட்டுக் காட்டிய பிறகே அனுமதி கிடைக்கும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் கையில் இருக்கும் பிராண்டுக்கு மாறிக்கொண்டே இருப்பது சரியில்லை. எந்த பிராண்டு, எந்த பேட்ச் எண் என்று குறித்துவைத்தால், ஒவ்வாமை வந்தாலோ மருந்து வேலை செய்வது குறைந்தாலோ காரணம் தேட உதவும்.

ஐந்தில் ஒரு பங்கு என்றாலும் நம் ஊர்ச் சம்பளத்துக்கு அது பெரிய தொகைதான். பல மெடிக்ளெய்ம் பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால் பணம் கொடுக்கும். கடையில் வாங்கி வீட்டில் போடும் ஊசிக்குக் கொடுக்காது. ஆகவே நடைமுறையில் நடப்பது என்ன? இரண்டு வாரத்துக்கு ஒன்று போட வேண்டிய ஊசி மாதத்துக்கு ஒன்றாகும், பிறகு 'வலிக்கும்போது போட்டுக்கலாம்' என்றாகும். இது மருந்தே போடாததைவிட ஒரு வகையில் மோசம். விட்டுவிட்டுப் போடும்போது, அந்த அந்நியப் புரதத்துக்கு எதிராக உடம்பே ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கலாம். அப்புறம் காசு சேர்த்து ஒழுங்காகப் போட்டாலும் வேலை செய்யாது. பணம் முட்டுகிறது என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விலை குறைந்த பிராண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மெத்தோட்ரெக்சேட் அளவைக் கூட்டிப் பார்ப்பது என்று அவரால் வேறு வழி யோசிக்க முடியும்.

வாங்கிய ஊசியை வீணாக்காமல் இருப்பதும் பணம்தான். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வாங்கி வரும்போது தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வையுங்கள், ஆனால் ஊசி ஐஸைத் தொடாமல் நடுவில் துணி சுற்றுங்கள்.

"நல்லா ஆயிட்டான், விட்டுடலாமா?"

முன்னால் சொன்ன எட்டனர்செப்ட் ஆய்வுக்கு இரண்டாம் பாகம் இருந்தது. நன்றாகத் தேறிய 51 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தில்லாத ஊசி போட்டார்கள். அவர்களில் 81 சதவீதம் பேருக்கு நோய் திரும்ப வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 28 சதவீதம். அதாவது மூன்று மாதத்தில் வீக்கம் வற்றுவது குணமாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை. மருந்து அடக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் காலம் முழுக்கவா? அப்படியும் இல்லை. மூட்டில் நோயின் சுவடே இல்லாமல் ஓராண்டாவது போன பிறகு, ஊசிகளின் இடைவெளியைக் கூட்டியோ அளவைக் குறைத்தோ மெதுவாக நிறுத்திப் பார்க்கிறார்கள். சிலருக்கு நோய் திரும்புவதே இல்லை. திரும்பியவர்களில் பெரும்பாலானோருக்கு அதே மருந்து மறுபடி கேட்கிறது. யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை இன்னும் வரவில்லை.

கண்ணில் நோய் இருந்த குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. கண் இரண்டு வருடமாவது அமைதியாக இருந்த பிறகே மருந்தைக் குறைக்க வேண்டும் என்பது அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் அமைப்பின் 2019-ம் ஆண்டு வழிகாட்டுதல். குறைக்கத் தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் மறுபடி ஸ்லிட் லேம்ப் பரிசோதனை. அப்போது குழந்தை ஓடி ஆடிக்கொண்டிருக்கும், கண்ணிலும் எந்தத் தொந்தரவும் சொல்லாது. பரிட்சை முடியட்டும், லீவு விடட்டும் என்று அந்த ஒரு அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.